அடுப்படியை முதலில் கணினியில் கட்டிப் பார்ப்போம்

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற பெரியபட்டினத்தில் ஒரு வீட்டுக்கு அடுப்படி வரைந்து கொடுக்கப் போயிருந்தேன். மகன் சவூதியில் இருக்கிறார், கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். எதிரெதிராக இரண்டு மேடை, நடுவில் வழி, மேலும் கீழும் பளபளவென்று அலமாரி, ஒரு கைப்பிடிகூட வெளியே தெரியாது. இதே மாதிரி வேண்டும் என்றார். அவருடைய அம்மா அந்தப் படத்தைக் கிட்ட வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் எங்கன உட்கார்ந்து மீன் ஆயிறது?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பத்துக்கு எட்டு அடுப்படி, இடம் இருக்கும் என்றுதான் தோன்றியது. ராத்திரி வீட்டுக்கு வந்து கணினியில் வரைந்து பார்த்ததும்தான் இல்லை என்று தெரிந்தது, அதுவும் எத்தனை மில்லிமீட்டர் இல்லை என்பது வரைக்கும். அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கட்டட வேலை தெரியாதவர்களுக்கும் புரிகிற விஷயம்தான்.

கேட் (CAD) என்று சுருக்கமாகச் சொல்கிற வரைபட மென்பொருளில் முதலில் பிடிபட வேண்டியது ஒன்று. அதில் போடுகிற கோடு வெறும் மை இல்லை. எந்தப் புள்ளியில் தொடங்குகிறது, எந்தப் புள்ளியில் முடிகிறது என்பதெல்லாம் எண்களாக உள்ளே பதிந்திருக்கிறது. திரையில் அது உள்ளங்கை அகலத்துக்குத் தெரியலாம், பெரிதாக்கினால் பாதிக் கோடுதான் தெரியலாம், ஆனால் நீளம் என்ன என்று கேட்டால் 3010 மி.மீ. என்றுதான் சொல்லும். நோட்டில் வரையும்போது அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று மனசுக்குள்ளேயே சுருக்கிச் சுருக்கி வரைவோம் இல்லையா, அந்த வேலை இங்கே கிடையாது. பத்தடிச் சுவரைப் பத்தடியாகவே வரைகிறீர்கள். சுருக்குவதெல்லாம் கடைசியில், பிரிண்ட் எடுக்கும்போது. இதை விட்டுவிட்டு, ஏ4 தாளுக்குள் அடங்கவேண்டுமே என்று சுவரை முதலிலேயே சின்னதாக வரைந்தால், அப்புறம் 600 மி.மீ. ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து வைக்கும்போது அது வீட்டைவிடப் பெரிதாக நிற்கும்.

மென்பொருள் எது என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆட்டோகேட் 1982-இல் வந்தது, தொழில் செய்கிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான், ஆனால் சந்தா கட்டவேண்டும். ஒரே ஒரு அடுப்படிக்காகக் கற்றுக்கொள்கிறவருக்கு லிப்ரேகேட் போதும்; இலவசம், பழைய கணினியிலும் ஓடும், மேலிருந்து பார்க்கிற தட்டையான வரைபடத்துக்கு அதில் குறையே இல்லை. முப்பரிமாணத்தில் பார்க்க ஆசை இருந்தால் ஸ்வீட் ஹோம் 3டி இலவசமாகக் கிடைக்கிறது, ஸ்கெட்ச்அப்பும் இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் முப்பரிமாணப் படம் வீட்டுக்காரரை மயக்கத்தான் உதவும், தப்பைக் கண்டுபிடிக்கத் தட்டைப் படம்தான் வேண்டும். டைல்ஸ் பளபளப்பைப் பார்க்கிற கண்ணுக்கு, ஃபிரிட்ஜ் கதவு சுவரில் இடிப்பது தெரியாது.

சரி, வரைவதற்கு முன்னால் அளக்கவேண்டும். பிளானில் பத்துக்கு எட்டு என்று போட்டிருக்கும், அதை நம்பவே கூடாது, அது பெரும்பாலும் செங்கல்லுக்குச் செங்கல் அளவு. மேலே பூச்சு, அதற்கும் மேலே டைல்ஸ் ஏறினால் ஒவ்வொரு பக்கமும் குறையும். பெரியபட்டினத்து வீட்டில் நான் டேப் போட்டபோது நீளம் ஒன்பது அடி பத்தரை அங்குலம், அகலம் ஏழு அடி பதினோரு அங்குலம். மில்லிமீட்டரில் 3010, 2413. தரையோடு ஒரு தடவை, மேடை உயரத்தில் ஒரு தடவை, தலை உயரத்தில் ஒரு தடவை அளந்து, மூன்றில் எது சின்னதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். கல்லும் பலகையும் உள்ளே போகவேண்டியது அந்தச் சின்ன அளவுக்குள்தான்.

இன்னொரு அளவு இருக்கிறது, பல பேர் எடுப்பதில்லை. மூலைக்கு மூலை குறுக்காக. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் அறை நேராக இருக்கிறது என்று பொருள். அந்த அடுப்படியில் ஒன்று 3880, இன்னொன்று 3835 வந்தது. 45 மி.மீ. வித்தியாசம். கணக்குப் போட்டால் எட்டடிச் சுவர் தன் நீளத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருக்கிறது, நேரான மூலை வெட்டின கிரானைட்டைக் கொண்டுபோய் வைத்தால் மேடையின் ரெண்டடி ஆழத்திலேயே 7 மி.மீ. சந்து விழும். ஆசாரி பாஷையில் ரெண்டு நூலுக்குக் கொஞ்சம் கூட; நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்தச் சந்தில்தான் குழம்பு வழிந்து, கரப்பான் குடிவந்து, கடைசியில் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைப்பார்கள். சாய்ந்த அறையை எப்படி வரைவது? பள்ளிக்கூடத்தில் காம்பஸ் வைத்து முக்கோணம் வரைந்தோமே, அதே முறை. அடிச்சுவரை 3010-க்கு ஒரு கோடாகப் போடுங்கள். அதன் ஒரு முனையை மையமாக வைத்துப் பக்கச்சுவர் அளவில் ஒரு வட்டம், மறு முனையை மையமாக வைத்துக் குறுக்களவில் ஒரு வட்டம். இரண்டும் வெட்டுகிற இடம்தான் மூன்றாவது மூலை. நாலாவதும் அப்படியே. வட்டங்களை அழித்துவிட்டால் உங்கள் அறை, கோணலோடு அப்படியே திரையில் இருக்கும்.

அலகு பற்றி ஒரு வார்த்தை. கொத்தனாரும் ஆசாரியும் அடி, அங்குலம், நூலில் பேசுவார்கள். அலமாரி செய்கிற பட்டறையும் ஃபிரிட்ஜ் கடைக்காரரும் மில்லிமீட்டரில் பேசுவார்கள். நீங்கள் மில்லிமீட்டரில் வரைந்துவிடுங்கள், ஓர் அங்குலம் 25.4. மென்பொருளைத் திறந்ததும் அமைப்பில் அலகை மி.மீ. என்று மாற்றுவது முதல் வேலை. இதைச் செய்யாமல் இணையத்திலிருந்து அங்குலத்தில் வரைந்த அடுப்பு, சிங்க் படங்களை இறக்கிக் கொண்டுவந்தால், அவை இருபத்தைந்து மடங்கு சின்னதாகி, திரையில் எங்கே விழுந்தன என்று தேடவேண்டியிருக்கும். படம் வரவே இல்லை என்று நினைத்து நான் ஒரே சிங்க்கை ஆறு தடவை வைத்திருக்கிறேன், ஆறும் ஒரே இடத்தில் எறும்பு மாதிரி கிடந்தன.

வரைவதற்குத் தேவையான கட்டளைகள் விரல் விட்டு எண்ணிவிடலாம். லைன் கோடு போடும். ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு @3010,0 என்று தட்டினால் அங்கிருந்து வலதுபக்கம் 3010 போய் நிற்கும். ஆஃப்செட் இருக்கிற கோட்டுக்குப் பக்கத்தில் சொன்ன தூரத்தில் அதே மாதிரி இன்னொன்று போடும்: சுவரின் உள்கோட்டை 600 ஆஃப்செட் செய்தால் மேடையின் முன்விளிம்பு வந்துவிட்டது, வெளிப்பக்கம் 230 செய்தால் ஒன்பது அங்குலச் சுவர் வந்துவிட்டது. ட்ரிம் மிச்சத்தை நறுக்கும். பாதி வரைபடம் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும். ஆனால் கோட்டின் முனையைப் பிடிக்கிற ஸ்னாப் வசதியை எப்போதும் போட்டே வையுங்கள், கண்ணால் பார்த்து 'இங்கே சேர்ந்திருக்கிறது' என்று நினைத்துச் சொடுக்கினால் சேர்ந்திருக்காது, பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி சிரிக்கும்.

கதவுகளை மட்டும் கோடாக வரையக் கூடாது, திறக்கிற வளைவோடு வரையவேண்டும். அறைக்கதவு, ஃபிரிட்ஜ் கதவு, அலமாரிக் கதவு எல்லாவற்றுக்கும் கால்வட்டம். இரண்டு கால்வட்டம் ஒன்றையொன்று வெட்டினால் அந்த வீட்டில் தினம் ஒரு சண்டை. ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு முழுசாகத் திறக்காது, கீழே இருக்கிற காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடியாது.

அடுத்தது பிளாக். ஓர் அடுப்பை ஒரு தடவை வரைந்து, அதற்குப் பெயர் வைத்து, ஒரே பொருளாகக் கட்டிவைப்பதுதான் பிளாக். அப்புறம் எடுத்து இங்கே வைக்கலாம், அங்கே வைக்கலாம், திருப்பலாம். ஒரு பிளாக்கைத் திருத்தினால் வரைபடத்தில் அது இருக்கிற இடமெல்லாம் திருந்தும். இணையத்தில் பிளாக்குகள் குவிந்து கிடக்கின்றன. ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், உயரமான ஸ்டூல், நின்றுகொண்டு காய் நறுக்குகிற மனிதர். நான் தேடின வரையில் அரிவாள்மனையில் உட்கார்ந்திருக்கிற அம்மா கிடைக்கவில்லை. அதை நானே வரைந்தேன். எங்கள் அம்மாவை உட்காரச் சொல்லி, ஒரு காலை மடக்கி மறுகாலால் அரிவாள்மனைக் கட்டையை அழுத்தி, பக்கத்தில் மீன் சட்டி, இந்தப் பக்கம் கழிவுக்கு ஒரு கிண்ணம் எல்லாம் வைத்துத் தரையில் சாக்பீஸால் சுற்றிப் போட்டு அளந்தால் ஏறக்குறைய மூன்றடி வட்டம். 900 மி.மீ. அதே மாதிரி குடம் ஒரு பிளாக். எங்கள் வீட்டுக் குடம் வயிற்றுப் பக்கம் 330 மி.மீ. இருக்கிறது. குடிதண்ணீரைக் குடத்தில் பிடித்து வரிசையாக வைக்கிற ஊரில், குடத்துக்கு இடம் விடாத அடுப்படி வரைபடம் எதற்கு? கேஸ் சிலிண்டர், கிரைண்டர், அரிசி டின், இவையெல்லாம்கூட அளந்து வட்டமாகவும் கட்டமாகவும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்கவேண்டியதில்லை, அளவு சரியாக இருந்தால் போதும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். அகலம் 2413. மகன் அனுப்பிய படத்தில் இருப்பதுபோல எதிரெதிராக இரண்டு மேடை, ஒவ்வொன்றும் 600. நடுவில் மிஞ்சுவது 1213, சுமார் நாலடி. நின்றுகொண்டு சமைக்கிற ஒருவருக்கு இது தாராளம், திரும்பினால் கைக்கு எல்லாம் எட்டும், அந்த மாதிரிச் சமையலறைக்கு இந்த அளவைத்தான் நல்ல அளவு என்பார்கள். அதில் நம்முடைய 900 வட்டத்தை வைத்தேன். மிச்சம் 313. ஓர் அடி. உலை கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு மருமகள் அந்த ஓரடியில் நடக்கமாட்டாள். ஒரு பக்கத்து மேடையை எடுத்துவிட்டு, நீளச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் மட்டும் ட வடிவத்தில் மேடை போட்டால் நடுவில் 1813. அதில் 900 போனால் 913, மூன்றடி வழி. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொருவர் தாராளமாகப் போகலாம். பத்து நிமிஷ வேலை. கல் வாங்கவில்லை, சுவர் இடிக்கவில்லை.

சமையலறை அமைப்பு பற்றிப் படிக்கத் தொடங்கினால் 'வேலை முக்கோணம்' என்ற சொல் கட்டாயம் வரும். ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றையும் கோட்டால் இணைத்தால் கிடைக்கிற முக்கோணம். ஒவ்வொரு பக்கமும் 1.2 மீட்டரிலிருந்து 2.7 மீட்டருக்குள், மூன்றும் சேர்ந்து 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில் உருவானது. அதற்கும் முன்னால், 1926-இல், மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார், 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ரயிலில் உணவுப்பெட்டியின் சமையலிடம் எவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு எத்தனை பேருக்குச் சமைக்கிறது என்பதைப் பார்த்து எடுத்த யோசனை அது. எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்கிறார்கள், எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து அளந்து வைத்தார். இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று கடையில் விற்பதற்கெல்லாம் அதுதான் பாட்டி.

நான் அந்த முக்கோணத்தையும் போட்டுப் பார்த்தேன். அடுப்புக்கும் சிங்க்குக்கும் 1300, சிங்க்கிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 1800-க்குச் சற்றுக் குறைவு, ஃபிரிட்ஜிலிருந்து அடுப்புக்கு 2400-க்குள். கூட்டினால் ஐந்தரை மீட்டர் பக்கம். விதிப்படி தேர்ச்சி. ஆனால் பாருங்கள், இந்த வீட்டில் மீன் ஃபிரிட்ஜிலிருந்தா வருகிறது? காலையில் கொல்லைக் கதவு வழியாக வருகிறது. அங்கேயே உட்கார்ந்து ஆய்ந்து, சிங்க்கில் மூன்று தண்ணீர் அலசி, உப்பும் மஞ்சளும் போட்டு, அடுப்புக்குப் போகிறது. செதிலும் குடலும் திரும்பக் கொல்லைக்கே போகின்றன. அப்போது முக்கோணத்தின் மூன்றாவது மூலை ஃபிரிட்ஜ் இல்லை, கொல்லைக் கதவு. லிஹோட்ஸ்கி அளந்தது அங்கே சமைக்கிற பெண்ணின் நடையை. நாம் அளக்கவேண்டியது இங்கே சமைக்கிறவரின் நடையை. எண்ணைக் கடன் வாங்காதீர்கள், அளக்கிற பழக்கத்தைக் கடன் வாங்குங்கள். நான் சிங்க்கைக் கொல்லைக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். ஃபிரிட்ஜ் எங்கே இருந்தாலும் அந்த அம்மாவுக்குக் கவலை இல்லை, அதில் தயிரும் மருந்தும்தான் இருக்கும்.

காற்று. நம் பக்கத்தில் இதை வரைபடத்தில் குறிக்காவிட்டால் பிறகு வருத்தப்படவேண்டும். பெரியபட்டினத்தில் கடல் தெற்கே, கச்சான் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து மணலோடு வருகிறது. தெற்கு ஜன்னலுக்கு நேராக அடுப்பை வைத்தால் தீ ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டே எரியும், பால் காய்வதற்குள் பொறுமை போய்விடும். வரைபடத்தில் வடக்குக் குறியைப் போட்டு, பக்கத்தில் கச்சானுக்கு ஓர் அம்பு, வாடைக்கு ஓர் அம்பு போட்டுவிடுவேன். வாஸ்து பார்க்கிற வீடுகளில் அடுப்பு தென்கிழக்கு மூலை என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். அங்கே ஜன்னலைத்தான் நகர்த்தவேண்டும். இந்த வீட்டில் அப்படி நிபந்தனை எதுவும் இல்லை. கிழக்குச் சுவரில் காற்று படாத இடமாகப் பார்த்து அடுப்பு உட்கார்ந்தது.

மேலிருந்து பார்க்கிற படத்தில் உயரம் தெரியாது. அதற்குத்தான் எலிவேஷன், சுவரை நேருக்கு நேர் நின்று பார்க்கிற படம். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு நான் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டேன். ஜன்னல் அடிமட்டம் இரண்டு அடி ஒன்பது அங்குலத்தில் இருந்தது, மேடை கல்லோடு சேர்த்து இரண்டு அடி பத்து. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பொருந்தியிருந்தது. கல் பதித்தபோது ஜன்னல் கட்டையில் ஓர் அங்குலம் மறைந்துபோனது, கழுவுகிற தண்ணீரெல்லாம் கட்டைக்குள் இறங்கி ஒரே மழைக்காலத்தில் ஊறிவிட்டது. பணத்தை நான்தான் பாதி கொடுத்தேன். அன்றிலிருந்து மேடை இருக்கிற ஒவ்வொரு சுவருக்கும் ஓர் எலிவேஷன் இல்லாமல் வரைபடத்தைக் கையை விட்டுக் கொடுப்பதில்லை. மேடை உயரத்துக்குச் சமைக்கிறவரின் முழங்கையை அளந்துகொள்ளுங்கள்: நின்றுகொண்டு கையை மடக்கினால் முழங்கை எங்கே இருக்கிறதோ அதற்கு நாலைந்து அங்குலம் கீழே. மேல் அலமாரியின் அடிப்பாகம் மேடையிலிருந்து ஒன்றரை அடிக்காவது மேலே இருக்கட்டும், ஆழம் ஓரடி போதும், அதற்கு மேல் போனால் நெற்றியில் இடிக்கும்.

லேயர் என்பதைப் பலர் பெரிய வித்தை மாதிரி பயப்படுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின கண்ணாடித் தாள் மாதிரிதான் அது, வேண்டாத தாளை மறைத்துவிடலாம். சுவர் ஒரு லேயர், மேடை ஒரு லேயர், தண்ணீர்க் குழாய் ஒன்று, கரண்ட் ஒன்று, அளவு எழுதுவது ஒன்று. வேண்டாததை அணைத்துவிட்டுப் பிரிண்ட் எடுத்தால் பிளம்பர் கையில் குழாய் மட்டும், எலெக்ட்ரீஷியன் கையில் பிளக் பாயிண்ட் மட்டும். எல்லாம் ஒரே கோப்பு, அதனால் சிங்க் நகர்ந்தால் எல்லார் படத்திலும் நகர்ந்திருக்கும். குறிப்புக்கும் ஒரு லேயர் வையுங்கள். உப்புக்காற்றில் சாதாரணக் கீல் சீக்கிரமே துருப்பிடித்துவிடும், எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் உப்பிப்போகும், ஈரம் தாங்குகிற ஐ.எஸ். 710 பிளைவுட், நல்ல ஸ்டீல் கீல் என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டால் பட்டறையில் பேச்சு மாறாது.

பிரிண்ட் எடுக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த அடுப்படி 1:20 அளவில் ஏ4 தாளில் சுவரோடு சேர்ந்து வசதியாக அடங்கும், அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர் தாளில் 5 சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடைத் தம்பி பழக்கதோஷத்தில் 'தாளுக்குப் பொருத்து' என்பதைச் சொடுக்கிவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுவிடும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டை ஓரமாக வரைந்து வைத்துவிட்டு, கடையிலேயே ஸ்கேல் வைத்து 5 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். எப்படி இருந்தாலும் அளவுகளை எண்ணாக எழுதித்தான் கொடுக்கவேண்டும், கொத்தனார் தாளில் ஸ்கேல் வைத்து அளந்து கல் வெட்டுகிற நிலைமை வரக் கூடாது.

பெரியபட்டினத்துக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். மகனுக்கு ட வடிவப் படத்தை அனுப்பினோம், முதலில் முகம் சுளித்தார், 313 மி.மீ. கணக்கைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. அம்மாவுக்குத் தாளில் எதுவும் பிடிபடவில்லை. சரி என்று பூசின தரையிலேயே டேப் போட்டு மேடை விளிம்பு, சிங்க், ஃபிரிட்ஜ், கொல்லைக் கதவு வளைவு எல்லாவற்றையும் சாக்பீஸால் முழு அளவில் போட்டேன். அவர் அரிவாள்மனையைக் கொண்டுவந்து நடுவில் உட்கார்ந்தார். இடதுகையால் சட்டியைத் தள்ளுகிற மாதிரி தள்ளிப் பார்த்தார், எழுந்து இரண்டு எட்டு வைத்து சிங்க் கோட்டுக்குள் நின்றார், திரும்பிக் கொல்லைக் கதவைப் பார்த்தார். "கொழாய மட்டும் ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளு தம்பி, கதவைத் திறந்தா என் முதுகுல இடிக்குது."

ஒரு சாண் ஒன்பது அங்குலம், 230 மி.மீ. கதவின் கால்வட்டத்தை வரைந்திருந்தேன், அவர் நிற்கிற இடத்தைத்தான் வரையவில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து சிங்க்கை 230 நகர்த்தினேன்.